லேடி டொக்டர் பாவித்த கார்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்களையும் அவர்கள் இருந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன். இதை ஒழுங்காக எழுதாமல் விட்டால், பிறகு யாரும் தான் அங்கே இருக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

மின்விசிறிக்கு நேர் கீழே, கையுள்ள கதிரையில் தலைவர் ஏரம்பு. அரசாங்கக் காணிக் கந்தோரில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். எதையும் அளந்துதான் பேசுவார். அவருடைய கதிரை எங்களைப் பார்த்துப் போடப்படவில்லை, யன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் பொருளாளர் விஜிதரன். பரந்தன் சந்தியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். கதவோரம், செருப்பைக் கழற்றாமல், பால் சேகரிப்புக்குப் பொறுப்பான கமலேஸ்வரி அக்கா. பால் ஏற்றும் பவுசர் வண்டி வந்தால் அவா எழும்பி ஓடவேண்டும். சாரதி சஜீவன் நின்றான். அவனுக்குரிய இருக்கை காருக்குள் இருந்தது. அதில் இருக்க அவனுக்கு அனுமதி இல்லை. விண்ணப்பதாரர் மாயாண்டி, இரண்டு கதிரை காலியாகக் கிடந்தும், கவிழ்த்து வைத்த பால் கானின் மேல் இருந்தார். மேசைக்கு முன்னால், செயலாளராகிய நான்.

யன்னலுக்கு வெளியே, தகரக் கொட்டகையில், இரண்டு உறைகளுக்குள் கார். அதனுடைய வரவையும் பதிவது எங்கள் வழக்கம்.

இது கொக்கட்டிக்குளம் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். ஸ்கந்தபுரத்தைத் தாண்டி வாய்க்கால் வீதியால் உள்ளே வரவேண்டும். அன்றைய நிகழ்ச்சி நிரலில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, காரின் மறுவிற்பனைப் பெறுமதி. மற்றது, மாயாண்டியின் மனைவி வீரம்மாவின் கண்.

கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீரம்மாவுக்கு வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணில் வெண்புரை முற்றிவிட்டது. மாடு எது, மாட்டுக்குப் பின்னால் நிற்கிற பூவரசு எது என்று தடவித்தான் அறிகிறார். வவுனியா ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு ஒரு திகதி கொடுத்தார்கள். அது தவறிப்போய், இரண்டாவது திகதியும் கொடுத்துவிட்டார்கள். அது வருகிற வியாழக்கிழமை. இதுவும் தவறினால் இருக்கிற ஒரு கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ வரக்கூடாது, தூசும் குலுக்கமும் ஆகாது, யன்னல் பூட்டக்கூடிய வாகனம் ஒன்றில்தான் கூட்டிப்போக வேண்டும் என்பது தாதியின் கட்டளை. வான் பிடிப்பதென்றால் இருக்கிற இரண்டு மாட்டில் ஒன்றை விற்கவேண்டும்.

“மாட்ட வித்துப்புட்டுக் கண்ணத் தொறந்தா, அவ மொதல்ல மாட்டத்தாங்க தேடுவா,” என்று மாயாண்டி என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். தகப்பன் காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் கதைக்கிற கதையில் அந்தப் பக்கத்து வாசம் இன்னும் இருக்கிறது.

சங்கத்துக்குக் கார் எதற்கு என்று யாரும் கேட்கலாம். முன்பு இங்கே வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம், போகும்போது அந்த வெள்ளை ஜப்பான் காரை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனது. கதவில் நீல எழுத்தில் ‘அங்கத்தவர்களின் அவசர மருத்துவத் தேவைக்கு’ என்று எழுதியும் தந்தார்கள். முதல் சில மாதம் கார் ஓடியது. பிள்ளைப்பேறு, காய்ச்சல், மரத்தால் விழுந்தது என்று அது போகாத ஆஸ்பத்திரி இல்லை.

பிறகு நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதே மாதிரிக் கார் ஒன்றின் விலை கூடிக்கொண்டே போவதை விஜிதரன் போனில் பார்த்து, கூட்டத்தில் தலைவரிடம் காட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இன்னொரு முறை பார்த்தார். அன்று அவர் ஆற்றிய உரை சங்கத்தின் வரலாற்றில் முக்கியமானது.

“ஓடினால் கார் தேயும். நிண்டால் விலை ஏறும். அப்ப, நாங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தாலே சங்கம் முன்னேறும். இப்பிடி ஒரு வாய்ப்பு வேற எந்தச் சங்கத்துக்குக் கிடைச்சது? என்ர சேவைக்காலம் முழுக்க நான் இந்தக் கொள்கையிலதான் வேலை செய்தனான்.”

கைதட்டினார்கள். வாகன நிலைபேணல் உபகுழு அன்றே அமைக்கப்பட்டது.

உபகுழுவின் முதல் வேலை, கதவில் இருந்த எழுத்தை அழித்தது. எழுத்து விழுந்த கதவு விலையைக் குறைக்கும் என்றார் விஜிதரன். பரந்தனிலிருந்து பெயின்ற்காரர் வந்து துடைத்துவிட்டுப் போனார். நல்ல வேலை. சாய்ந்த வெயில் பட்டால் மட்டும் எழுத்தின் தடம் தெரியும், ஆகவே சாய்ந்த வெயில் படாத பக்கமாகக் காரைத் திருப்பி விட்டோம்.

சீற்றில் கம்பனி போட்ட பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை. பொலித்தீன் கீறுப்படாமலிருக்க அதற்கு மேலே துணி உறை. துணி அழுக்காகாமலிருக்க அதற்கு மேலே பாய். பாயில் இருப்பதற்கு யாருக்கும் அனுமதி கொடுக்காததால் அதற்கு மேலே ஒன்றும் போடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எஞ்சினை இயக்குவோம். சஜீவன் வெளியே நின்றபடி யன்னலுக்குள்ளால் கையை விட்டுச் சாவித் திறப்பைத் திருக, நாங்கள் எழுந்து நிற்போம். எஞ்சின் நின்றதும் திரும்பக் கதிரையில் இருப்போம்.

ரயர் ஒரே பக்கத்தில் நின்றால் தட்டையாகிவிடும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை காரைத் தள்ளவேண்டும். திறப்புப் போடாமல் தள்ளினால் மீற்றரில் கிலோமீற்றர் ஏறாது என்பதைக் கண்டுபிடித்தவர் தலைவர். அதன்பிறகு தள்ளுவதே சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட பயண முறை ஆயிற்று. ஒரு அங்கத்தவரின் மகளின் கலியாணத்துக்குக் காரைக் கொடுத்தோம். மணமக்களைப் பின் சீற்றில், பாயின் விளிம்பில் இருத்தி, கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் தள்ளினோம். மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளப் பார்த்தார், பட்டு வேட்டி விடவில்லை. வீடியோக்காரர் யன்னலுக்கு மேலே மட்டும் எடுத்தார். பார்த்தால் கார் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

பாம்பு கடித்த ஒருவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய மச்சான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பிழைக்கவைத்துவிட்டார். அந்த விண்ணப்பம் பூரணமற்றது என்று கோவைப்படுத்தப்பட்டது.

மாயாண்டியின் முதலாவது விண்ணப்பத்தில் வீரம்மாவும் கையொப்பமிட வேண்டியிருந்தது. கோட்டில் தொடங்கிய கையொப்பம் தாளைத் தாண்டி மேசையில் முடிந்தது. மேசையில் விழுந்த பகுதி செல்லுபடியாகுமா என்று ஆராய்ந்துவிட்டு, வேறொரு காரணத்துக்காக நிராகரித்தார்கள். வீரம்மா தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர். தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய் பிடித்தால் போகாது. இரண்டாவது விண்ணப்பத்தில் மாயாண்டி தாமாகவே, மனைவியின் தலையைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார். குழு நெகிழ்ந்துபோய் அனுமதித்தது. ஆனால் அந்தத் திகதியில் கார் பரந்தனில் நின்றது. பெயின்ற்றுக்கு மேலே பூசிய பாதுகாப்புப் பூச்சுக்கு ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் முதல் திகதி தவறியது.

இப்போது மூன்றாவது விண்ணப்பத்தோடு அவர் பால் கானில் இருந்தார்.

முதலாவது விடயத்தை விஜிதரன் எடுத்தார். இறக்குமதி திறந்துவிட்டார்கள், புதுக் கார்கள் இறங்கினால் பழைய கார்களின் விலை விழும், ஆகையால் இந்த மாதமே விற்கவேண்டும் என்றார். ஆனால் ஒரு சிக்கல். விளம்பரங்களில் எல்லோரும் யார் பாவித்தது என்று போடுகிறார்கள். ஆசிரியை பாவித்தது என்றால் ஒரு விலை. வங்கி முகாமையாளர் பாவித்தது என்றால் அதற்குமேல். சங்கம் பாவித்தது என்று போட்டால் போனே வராது.

“எல்லாத்தையும்விட உச்ச விலை எதுக்குத் தெரியுமோ?” என்று கேட்டு, போனை உயர்த்திப் பிடித்து வாசித்தார். “லேடி டொக்டர் பாவித்தது.”

தலைவர் யன்னலால் காரைப் பார்த்தார். “எங்கட காரை ஒரு டொக்டரும் பாவிக்கேல்லையே,” என்றார், கவலையோடு.

“அதுதான் குறை.”

மாட்டு டொக்டர் ஒருவர் மாதாமாதம் வருகிறாரே என்று சஜீவன் நினைவூட்டினான். அவர் சப்பாத்தில் சாணியோடு வருபவர் என்பதும், லேடியும் இல்லை என்பதும் கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆயுள்வேத வைத்தியர் எண்ணெய்க் கைக்காரர். கடைசியில், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர் சிவதர்சினியை அழைத்து, அவர் காருக்குள் சிறிது நேரம் இருந்து, கொட்டகையைச் சுற்றி ஒருதரம் தள்ளப்பட்டு, படமும் எடுக்கப்படுவதாக முடிவாயிற்று. அவருக்கு ஓய்வு நாள் வியாழக்கிழமை.

மாயாண்டி பால் கானிலிருந்து எழும்பினார். “ஐயா, வியாழக்கெழம தானுங்களே எங்களுக்கும்...”

“அண்டைக்குக் கார் பாவனையில இருக்கும்,” என்றார் தலைவர்.

“கொட்டாயச் சுத்தித்தானுங்களே தள்ளப்போறீங்க?”

தலைவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். “மாயாண்டி, சங்கத்தில முந்நூறு அங்கத்தவர். அறுநூறு கண். நீங்கள் ஒரு கண்ணைப் பற்றிக் கதைக்கிறியள். நான் அறுநூறு கண்ணையும் பாக்கவேணும்.”

“வீரம்மாவும் அங்கத்தவர்தான்,” என்றா கமலேஸ்வரி அக்கா கதவடியிலிருந்து. “அப்ப ஐந்நூற்றித் தொண்ணூற்றொன்பது.”

அந்தத் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

டொக்டருக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ‘எமது சங்கத்தின் வாகனத்தைத் தாங்கள் பாவித்து உதவவேண்டும்’ என்று பணிவாக எழுதினேன். ஆஸ்பத்திரிச் சேவைக்காகச் சங்கம் ஒரு காரைத் தருகிறது என்று டொக்டர் விளங்கிக்கொண்டாராம். நகலைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். கடிதத்தில் பிழை இல்லை.

வியாழக்கிழமை விடிய, நாங்கள் குறித்த சுபநேரத்துக்குச் சற்று முன்பாகவே டொக்டர் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். சிறிய பிள்ளை மாதிரி இருந்தார். வவுனியாவில் அம்மா வீட்டுக்குப் போகிற வழி என்று தோளில் ஒரு பை. உறைகள் கழற்றப்பட்டன. காருக்கு மாலை போட்டிருந்தோம். சந்தனப் பொட்டுப் பெயின்ற்றைக் கெடுக்கும் என்பதால் அதைத் தலைவரின் நெற்றியில் வைத்தோம். டொக்டரின் செருப்பைக் கழற்றச் செய்து, கால் இரண்டுக்கும் பொலித்தீன் பை மாட்டி, பாயில் இருத்தினோம். விஜிதரன் மூன்று பக்கத்தால் படம் எடுத்தார்.

“எங்க போகவேணும்?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓரிடமும் இல்லை, பிள்ளை. அப்பிடியே இருங்கோ,” என்றார் தலைவர். “இப்ப தள்ளுவம்.”

டொக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வைத்தியர்கள் அப்படிப் பார்ப்பதுண்டு. பிறகு, ஏன் என்று கேட்டார். தலைவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது? இறக்குமதி, விலை, விளம்பரம், லேடி டொக்டர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய பார்வை எங்களைத் தாண்டிப் படலையடிக்குப் போனது.

படலையடியில், பால் கொண்டுவருபவர்கள் இருக்கும் வாங்கில், மாயாண்டியும் வீரம்மாவும் இருந்தார்கள். கிளிநொச்சிக்குப் போகிற முதல் பஸ் அந்த இடத்தில்தான் நிற்கும், அங்கே பஸ் மாறித்தான் வவுனியாவுக்குப் போகவேண்டும். போகும்போது பஸ்ஸில் போவது, வரும்போது எப்படி வருவதென்று வரும்போது பார்ப்பது என்பது மாயாண்டியின் திட்டம். வீரம்மாவின் தலை பொலித்தீனால் இறுகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

டொக்டர் பொலித்தீன் பைக் கால்களோடு இறங்கி, அவர்களிடம் நடந்துபோனார்.

“அம்மா, தலைக்கு என்ன?”

“தலைக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றார் வீரம்மா, குரல் வந்த பக்கம் திரும்பி. “காருல ஏறச் சொன்னாங்கன்னா, ஒடனே ஏறலாமுன்னு கட்டிக்கிட்டு வந்தேன்.”

மிச்சத்தை மாயாண்டி சொன்னார். ஆஸ்பத்திரித் துண்டையும் காட்டினார். டொக்டர் துண்டை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வீரம்மாவின் தலையிலிருந்த பொலித்தீனை அவிழ்த்து, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களிடம் திரும்பி வந்தார்.

“டொக்டர் பாவித்தது எண்டு போடப்போறியள், என்ன?”

“ஓம், பிள்ளை.”

“வாங்கிற ஆள் எனக்குப் போன் எடுத்துக் கேட்டால், ‘நான் அஞ்சு நிமிசம் இருந்தனான், பிறகு எழும்பிட்டன்’ எண்டுதான் சொல்லுவன். எனக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை.”

விஜிதரனின் முகம் மாறியது. தொழிலில் நேர்மையானவர். வாங்குபவர்கள் இந்த நாளில் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள் என்பது அவரைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. “பாவிச்சிருக்கத்தான் வேணும், தலைவர்,” என்றார் மெல்ல.

அவசரக் கூட்டம் அந்த இடத்திலேயே கூட்டப்பட்டது. தலைவர் காரின் மூக்குப் பக்கமாக நின்றார். பொருளாளர் வலது முன் சில்லடியில். கமலேஸ்வரி அக்கா பால் அளவு சாடியோடு பின் கதவடியில். நான் டிக்கியின் மேல் கடதாசியை வைத்து எழுதப்போய், கீறிவிடும் என்று சொன்னதால், சஜீவனின் முதுகில் வைத்து எழுதினேன். டொக்டர் தன்னுடைய தொழிலுக்காக ஒரு தடவை வவுனியாவுக்குக் காரைப் பாவிக்கலாம் என்பது முதல் தீர்மானம்.

“என்ர தொழில் நோயாளியள்தான்,” என்றார் டொக்டர். “அந்த அம்மாவை ஏத்துறன்.”

இங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. உபகுழுவின் விதிப்படி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட அங்கத்தவர் காரில் ஏறமுடியாது. தலைவர் அதைக் கவலையோடு சுட்டிக்காட்டினார். சட்டத்தைத் தானே மீறினால் பிறகு யார்தான் மதிப்பார்கள் என்றும் கேட்டார். படலையடியில் பஸ் வந்து நின்று, ஹோர்ன் அடித்தது. மாயாண்டி ஒரு காலைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கொண்டக்ரர் ஏதோ ஏசினான்.

“தலைவர்,” என்றா கமலேஸ்வரி அக்கா, “டொக்டர் ஊசி கொண்டுபோனால், அந்த ஊசி விண்ணப்பம் போடவேணுமோ?”

“விசர்க் கதை. ஊசி உபகரணம்.”

“காதில வைக்கிற குழாய்?”

“அதுவும் உபகரணம்தான்.”

“நோயாளி?”

 தலைவர், காணிக் கந்தோரில் எல்லைக்கல் தேடும்போது எப்படி நின்றிருப்பாரோ அப்படி நின்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“நோயாளி இல்லாமல் டொக்டர் தொழில் செய்ய ஏலாது. எது இல்லாமல் தொழில் செய்ய ஏலாதோ, அது உபகரணம். ஆகவே நோயாளியும் உபகரணம்தான். எழுதுங்கோ, செயலாளர்.”

எழுதினேன். ‘டொக்டர் சிவதர்சினி அவர்களின் தொழில் உபகரணம் ஒன்று (வீரம்மா) வாகனத்தில் கொண்டுசெல்லப்பட அனுமதிக்கப்படுகிறது.’ மாயாண்டி எந்த வகைக்குள்ளும் வராததால் அவர் பஸ்ஸில் போனார். போகும்போது யன்னலால் தலையை நீட்டி, “அப்ப அவளுக்கு அனுமதி கெடச்சிருச்சுங்களா, இல்லீங்களா?” என்று கேட்டார். அவளுக்கு இல்லை, உபகரணத்துக்குத்தான் என்று தலைவர் உரத்துச் சொன்னார். பஸ் இரைச்சலில் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

டொக்டர் வீரம்மாவைப் பின் சீற்றில் இருத்திவிட்டு எஞ்சினை இயக்கினார். பழக்கத்தில் நாங்கள் எழுந்து நிற்கப் பார்த்து, ஏற்கெனவே நிற்பதைக் கண்டோம். பழக்கத்திலேயே பின்னால் போய்த் தள்ளவும் தொடங்கினோம். கார் எங்களைவிட வேகமாகப் போய்விட்டது. நானும் தலைவரும் முழங்காலில் விழுந்தோம். பெற்றோல் போட்டது டொக்டர்தான். பாவிப்பவர் போடுவதே முறை என்று பொருளாளர் சொல்லியிருந்தார்.

அன்று முழுக்கத் தலைவர் யன்னலைப் பார்த்தபடி வெறும் கொட்டகையோடு இருந்தார். சாப்பிட அழைத்தும் போகவில்லை. “ஓமந்தை தாண்டி வவுனியாவுக்குக் கிட்டியிருக்கும்,” என்று ஒருதரம் சொன்னார். வீரம்மாவைப் பற்றியல்ல.

மறுநாள் பின்னேரம் கார் வந்தது. டொக்டர் இன்னொரு நாள் லீவு எடுத்திருந்தாராம். டொக்டர் இறங்க முன்பே தலைவரும் விஜிதரனும் அதைச் சுற்றி வந்துவிட்டார்கள். சில்லில் செம்மண். மீற்றரில் போய்வந்த தூரம் அப்படியே ஏறியிருந்தது. பின் சீற்றில், தலை சாய்க்கும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு எண்ணெய் அடையாளம். தலைவர் அதைச் சால்வைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. மற்றப் பக்கத்துக் கதவால் வீரம்மா கறுப்புக் கண்ணாடியோடு தானாகவே இறங்கி, படலைக்கு நேராக நடந்து போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அது நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை.

விளம்பரம் அன்றிரவே போடப்பட்டது. ‘லேடி டொக்டர் பாவித்தது.’ போன் வந்தபடியே இருந்தது. விலையைக் கேட்டு ஒருவரும் பின்வாங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு விஜிதரன் வெற்றிலை பாக்கோடு வந்தார். வந்து இருந்ததும், வவுனியாவிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். விஜிதரன் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“டொக்டர் எத்தனை நாள் பாவிச்சவா?”

“ஒருக்கா, அண்ணை. வவுனியாவுக்குப் போயிட்டு வந்தவா.”

“ஒருக்காத்தானோ? ஏன், பிறகு விட்டவா? காரில என்ன பிழை?”

விஜிதரன் ஒரு பிழையும் இல்லை என்றார். பிழை இல்லாத காரை ஒரு டொக்டர் ஏன் ஒரே நாளில் கைவிட்டார் என்று போன் எடுத்தவர் கேட்டார்.  போன் வைக்கப்பட்டது. சிறிது நேரத்தில் இன்னொருவர் எடுத்து அதையே கேட்டார்.

ஒருதரம் பாவித்த கார், ஒருதரமும் பாவிக்காத காரைவிட மோசமானது என்ற உண்மை அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. டொக்டர் தொடர்ந்து பாவித்தால்தான் சந்தேகம் தீரும். ஒரு கிழமை விட்டு ஒரு கிழமையென்றாலும் பாவிக்கவேண்டும். தலைவர் மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். அது ஏற்கெனவே கூடிய வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாயாண்டி உள்ளே வந்து, பால் கானைத் தேடி, அதில் இருந்தார். வீரம்மாவும் கூட வந்திருந்தார். அவர் கதிரையில் இருந்தார். மாயாண்டியின் கையில் நாலாவது விண்ணப்பம். வருகிற வியாழக்கிழமை கண்ணைத் திரும்பக் காட்டவேண்டும், அதன்பிறகும் இரண்டு மூன்று தரம் போகவேண்டி வரும்.

தலைவர் விண்ணப்பத்தை வாங்கவில்லை. ஆனால் அவருடைய முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம் வந்தது.

“இனி இவா விண்ணப்பம் போடத் தேவையில்லை,” என்றார்.

மாயாண்டி பயந்துபோனார். “ஏனுங்கையா? நாங்க என்ன தப்புப் பண்ணிட்டோம்?”

“ஒரு பிழையும் இல்லை. உபகரணம் விண்ணப்பம் போடுறதில்லை, மாயாண்டி. டொக்டரின்ர சாமானை டொக்டர்தான் கொண்டுபோகவேணும். அதை நேரத்துக்கு அறிவிக்கிறது மட்டும்தான் சங்கத்தின்ர கடமை.”

“அப்ப அவ போவாளுங்களா?”

“அவா போகமாட்டா. கொண்டுபோகப்படுவா.”

மாயாண்டி மனைவியைப் பார்த்தார். வீரம்மா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்த கார் அவசரத்தில் மறுபக்கமாகத் திருப்பி விடப்பட்டிருந்தது. பின்னேர வெயில் சாய்ந்து கதவில் விழுந்துகொண்டிருந்தது.

“அந்தக் கதவுல என்னமோ எழுதியிருக்குதுங்களே,” என்றார் அவர். “அ... அவசர...”

“அது எழுத்தில்லை, நிழல்,” என்றார் தலைவர். சஜீவனைப் பார்த்தார். சஜீவன் போய் உறையை இழுத்துவிட்டான்.

பிறகு கடிதத்தை எடுத்தோம். தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சில இடங்களில் சொற்களை ஒழுங்குபடுத்தினேன்.

‘மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு. தாங்கள் சென்ற வியாழக்கிழமை எமது வாகனத்தில் கொண்டுசென்று திருப்பிக் கொண்டுவந்த தொழில் உபகரணம், தற்போது எமது அங்கத்தவர் திரு. மாயாண்டி அவர்களின் வீட்டில் நல்ல நிலையில் காணப்படுகிறது. அதைத் தாங்கள் எதிர்வரும் வியாழக்கிழமையும் அதன்பின்னரும் எடுத்துச்செல்ல வேண்டியுள்ளதால், எமது வாகனத்தை வழமைபோல் பாவித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

‘வழமைபோல்’ என்ற சொல்லைத் தலைவர்தான் சேர்க்கச் சொன்னார். வாங்க வருபவர்களுக்குக் காட்ட உதவும்.

“ஒரு வரி கூட எழுதுங்கோவன்,” என்றா கமலேஸ்வரி அக்கா, கதவடியில் நின்றபடியே. “சிறுநீரகக் கிளினிக்குக்குப் போற பொன்னம்மா, கால் புண்ணோட கிடக்கிற சின்னத்தம்பி, குமாரின்ர பெடிச்சி...”

“அவையளும் டொக்டரின்ரயோ?” என்று கேட்டார் தலைவர்.

“வேற ஆரின்ர?”

தலைவர் விஜிதரனைப் பார்த்தார். எவ்வளவு கூடப் பாவிக்கிறாவோ அவ்வளவு நல்லது என்று விஜிதரன் தலையாட்டினார். ஆகவே, ‘தங்களது உபகரணங்கள் மேலும் சில இக்கிராமத்தில் ஆங்காங்கே கிடக்கின்றன என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்று எழுதி முடித்தேன். தலைவர் கையொப்பமிட்டார். சங்கத்தின் முத்திரையைக் குத்தினேன்.

கடிதத்தை மடித்து உறையில் இட்டு, விலாசம் எழுதி, தபால் முத்திரையை ஒட்டினேன். வீரம்மா எட்டிப் பார்த்தார்.

“முத்தரைய தலகீழா ஒட்டிப்புட்டீங்க,” என்றார்.

அப்படித்தான் இருந்தது. அவர் உறையை வாங்கி, பசை காயமுன் நகத்தால் கிளப்பி, திருப்பி, மூலையில் கோட்டுக்குக் கோடு சரியாக வைத்து, பெருவிரலால் அழுத்தினார். பிறகு உறையின் வாயையும் அவரே ஒட்டித் தந்தார். 

கடைசித் தபாலுக்கு நேரமாகிவிட்டதால், அதை உடனே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி தலைவர் சாரதியைப் பணித்தார். சஜீவன் கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் போய், காரைச் சுற்றிக் கவனமாக நடந்து, பின்னால் சாத்தியிருந்த தன் சைக்கிளை எடுத்தான்.